சைக்கிள் வண்டிக்கு யந்திரம் பூட்டுதல்

உழவுத் தொழிலில் விளைவிப்பது ஒரு பாதி. விளைந்ததைக் கெடாமல் விற்குமிடம் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாதி. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தக்காளி, குடைமிளகாய், ரோஜா, பால் ஆகியவை நேரம் தவறினால் விலையும் தவறிப்போகும் சரக்குகள். ராகியைப் போலக் குதிரில் கொட்டி வைத்து, விலை ஏறியபின் விற்க இயலாது. பால் சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் ஒன்று. மண்டியில் ஏலம் கூறும் நேரம் ஒன்று. அந்நேரத்துக்குள் சேராத சரக்குக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப நேருகிறது.

பெருநிலக்காரர்களுக்கு லாரியும் வேனும் வந்து தோட்டத்தருகே நிற்கும். நடுத்தரக் குடியானவர்கள் பலரிடம் மொபெட் வண்டி உண்டு. அதற்கும் வசதியில்லாத சிறு குடியானவரும், பண்ணையில் வேலை செய்வோரும் இன்னும் சைக்கிளை நம்பியே இருக்கின்றனர். இத்தகையோர் கண்ணில் படுவது, சைக்கிளில் பூட்டுவதற்கென்று யந்திரமும் அதன் உறுப்புகளும் ஒரே பெட்டியில் அடக்கி விற்கப்படும் 'கிட்' என்னும் சாமான். தொழிற்சாலைகள் மலிந்த இப்பிரதேசத்தில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த வாலிபர் இல்லாத கிராமம் அரிது. ஐ.டி.ஐ. படித்தவரும், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவரும், விடுமுறை நாளில் வீட்டுத் திண்ணையிலேயே இவ்வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். வேலை கடினமன்று. ஆனால் தவறாகச் செய்தால் பணத்தோடு உயிருக்கும் அபாயம் உண்டு. ஆகவே இவ்வேலையின் முறை, அதில் கவனிக்க வேண்டிய இடங்கள், சட்டத்தின் ஏற்பாடு ஆகியவற்றை ஒழுங்காக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறை தோன்றிய விதம்

சைக்கிளில் யந்திரம் பூட்டும் யோசனை பஞ்ச காலத்தில் வளர்ந்தது. 1946-ஆம் வருஷத்தில், யுத்தத்தில் தோற்றுச் சீர்குலைந்திருந்த ஜப்பான் தேசத்தின் ஹமாமட்சு நகரில், சோய்சிரோ ஹோண்டா என்பவர், ராணுவத்தார் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்க வைத்திருந்த சிறு யந்திரங்கள் சுமார் 500-ஐ வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்றார். வெந்நீர் நிரப்பிப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் பாத்திரமே முதலில் பெட்ரோல் தொட்டியாக உதவியது. உணவுப்பொருள் தேடி வெகுதூரம் சைக்கிள் மிதித்துச் சென்ற ஜனங்கள் அதனை ஆவலுடன் வாங்கினர். வாங்கிய யந்திரங்கள் தீர்ந்தபின் 1947-இல் அவர் தாமே ஒரு யந்திரம் செய்தார்; 1948-இல் ஹோண்டா மோட்டார் கம்பெனி நிறுவப்பட்டது. இத்தாலி தேசத்திலும் அதே 1946-இல் டுகாட்டி கம்பெனியார் 'குச்சோலோ' என்னும் 48 கன செண்டிமீட்டர் யந்திரத்தைச் சைக்கிளுக்கென்று விற்கலாயினர்.

நம் ஜில்லாவிலோ, 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இந்தியாவில் இருவர் ஏறிச் செல்லத்தக்க முதல் மொபெட் அதுவே. மோட்டார், பெடல் என்னும் இரு சொற்களின் தலைப்புகளைச் சேர்த்ததே மொபெட் என்னும் பெயர். அதன் வழிவந்த 99.7 கன செண்டிமீட்டர் எக்ஸ்.எல். 100 வண்டி 2015-இல் விற்பனைக்கு வந்தது. பால்கேன், தீவனமூட்டை, தக்காளிப் பெட்டி ஆகியவற்றைச் சுமந்து இவ்வண்டிகள் செல்லாத கிராமப் பாதை தமிழ்நாட்டில் இல்லையெனலாம்.

இவ்வரலாற்றில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. யந்திரத்தின் பலம் கூடக்கூட, வண்டி செய்வோர் சைக்கிளைச் சைக்கிளாகவே விட்டுவைக்கவில்லை. பிரேம் தடித்தது, சக்கரம் சிறுத்தது, டயர் பருத்தது, சக்கரக் குடத்துக்குள்ளே பிரேக் அமைந்தது. அதாவது, யந்திரத்துக்கு ஏற்ப வண்டி முழுதும் மாறியது. கிட் வாங்குவோரோ யந்திரத்தை மட்டும் மாற்றி, மற்றதைப் பழையபடி விட்டுவிடுகின்றனர். விபத்துக்கள் உண்டாவதற்கு முதற்காரணம் இதுவே.

எவ்வளவு பலம் தேவை?

ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுற்றுப்புறக் கிராமப் பாதைகள் மேடும் பள்ளமுமானவை. பாரம் ஏற்றிய சைக்கிளை மேட்டில் தள்ளிச் செல்வதே நம்மவர் படும் பாடு. அதற்கு வேண்டிய பலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆள், வண்டி, பாரம் மூன்றும் சேர்ந்து 150 கிலோ என வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ 200 வாட் தேவை. மண்பாதையின் தடைக்கு இன்னும் 60 வாட் சேர்த்தால் 260 வாட் ஆகும். இது ஒரு குதிரைத் திறனில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். திடகாத்திரமான ஆள் நெடுநேரம் மிதித்துக் கொடுக்கத்தக்கது சுமார் 75 வாட் மட்டுமே. ஆகவே ஆளின் பலத்துக்குத் துணையாக 200 வாட் கிடைத்தாலே மேட்டில் இறங்கித் தள்ளும் கஷ்டம் தீரும்.

கடைகளில் விற்கும் 48 கன செண்டிமீட்டர் யந்திரம் 1 முதல் 2 குதிரைத் திறன் தரும். மிகுந்த பலம் சமநிலத்தில் வேகமாக மாறுகிறது. அவ்வேகம் பாலுக்கும் பூவுக்கும் பெரும்பாலும் தேவையில்லை. குடியானவனுக்கு வேண்டுவது மேட்டில் ஏறுவதற்குச் சிறு பலமும், இறக்கத்தில் நிற்பதற்கு நல்ல பிடிப்புமே. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

வாங்குமுன் அறியவேண்டிய சட்டம்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, நான்கு சக்கரங்களுக்குக் குறைவானதும், 25 கன செண்டிமீட்டருக்கு மேற்படாத யந்திரம் உள்ளதுமான வண்டி மோட்டார் வாகனமாகாது. அதற்கு மேற்பட்ட யந்திரம் பூட்டிய சைக்கிள் மோட்டார் வாகனமே. பெடல் இருப்பதால் அது சைக்கிள்தான் என்று வாதிப்பதிற் பயனில்லை. மோட்டார் வாகனத்தைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு, இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் ஆகியவை யாவும் வேண்டும். வீட்டில் பூட்டிய வண்டியோ, உரிய சோதனை நிலையத்தாரின் மாதிரி அங்கீகாரம் பெற்றதன்று. ஆதலின் சாதாரணமாக அதற்குப் பதிவு கிடைப்பதில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர்மேல் மோதினால், நஷ்ட ஈடு முழுதும் சொந்தக்காரர் தலையில் விழும். 1 ஏக்கர் நிலத்தை விற்றும் தீராத கடனாக அது முடியக்கூடும்.

அன்றியும், வயது நிரம்பாத பிள்ளைகளிடம் வண்டியைக் கொடுக்கும் வழக்கம் மிகுந்துள்ளது. 50 கன செண்டிமீட்டருக்கு மேற்படாத வண்டியை 16 வயது நிரம்பியோரும், மற்றவற்றை 18 வயது நிரம்பியோருமே உரிமம் பெற்று ஓட்டலாம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி, வயது குறைந்தவர் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ 3 வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரும். அதிகாலையில் மகனைப் பால் கொண்டுபோகச் சொல்லும் தகப்பனார் இதனை மறத்தலாகாது.

ஆகவே 48 கன செண்டிமீட்டர் முதலான பெரிய கிட்டுகளைப் பொதுச்சாலைக்கு வராமல், தம் சொந்தத் தோட்டத்துக்குள்ளேயே தீவனம், மருந்துத் தண்ணீர், அறுத்த காய் முதலியவற்றைக் கொண்டுசெல்ல மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் ஓட்ட விரும்புவோர் 25 கன செண்டிமீட்டருக்கு உட்பட்ட யந்திரத்தையோ, பின்னே சொல்லப்படும் மின்சாரக் கிட்டையோ நாடுவது முறை. எதுவாயினும், பணம் கொடுக்குமுன் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

சைக்கிளைப் பரீட்சித்தல்

யந்திரத்தை வாங்குமுன் சைக்கிளைச் சோதிக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றுவதால் பலர் பணநஷ்டம் அடைகின்றனர். கவனிக்க வேண்டுவன நான்கு.

முதலாவது, பிரேம். முட்டு இணைப்புகளில் வெடிப்போ, துருவோ, பழைய ஒட்டு வேலையோ இருப்பின் அந்தப் பிரேம் உதவாது. துணியால் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தடவிப் பார்த்தால் வெடிப்புக் கோடாகத் தெரியும். ஸ்பிரிங் வைத்த பிரேம்களும், அலுமினியப் பிரேம்களும் இவ்வேலைக்கு ஏற்றவையல்ல. கிட்டின் பிடிகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் கனமுள்ள குழாய்க்கு அமைந்தவை. உங்கள் சைக்கிளின் குழாயை ஒரு நூலால் சுற்றி அளந்தால், சுற்றளவு 88 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஸ்போக்குகளின் எண்ணிக்கை. பின்சக்கரத்தில் பூட்டும் பல்சக்கரத்தை 9 போல்ட்டுகள் ஸ்போக்குகளினிடையே பிடித்து நிற்கின்றன. ஒரு போல்ட்டுக்கு 4 ஸ்போக் வீதம் இது 36 ஸ்போக் சக்கரத்துக்கு ஒத்த கணக்கு. நம் நாட்டுப் பழைய மாதிரிச் சைக்கிளின் பின்சக்கரத்திலோ 40 ஸ்போக்குகள் உண்டு. 40 ஸ்போக்கில் 9 போல்ட்டைப் பலவந்தமாகப் பூட்டினால் சில ஸ்போக்குகள் வளைந்து, பாரத்தில் ஒவ்வொன்றாக அறும். அத்தகைய சைக்கிளுக்கு 36 ஸ்போக் ஹப்பும் ரிம்மும் சேர்த்துப் பின்சக்கரத்தைப் புதிதாகக் கட்டுவித்தல் அவசியம். இதற்குத் தேர்ந்த சைக்கிள் கடைக்காரரை நாடவேண்டும்.

மூன்றாவது, சக்கரத்தின் அளவு. கிட் பெரும்பாலும் 26 அங்குலச் சக்கரத்தை எண்ணிச் செய்யப்பட்டது. சாதாரணமாக அதில் யந்திரம் 18 சுற்றுச் சுற்றினால் சக்கரம் 1 சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தில் யந்திரம் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போதே வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆகிவிடும். அவ்வளவுக்கு மேடேறும் இழுவையும் குறையும். எனவே 26 அங்குலச் சக்கரமே மேட்டு நிலத்துக்கு உகந்தது.

நான்காவது, பிரேக். பழைய மாதிரிச் சைக்கிளில் பிரேக் கட்டைகள் கம்பியிழுப்பால் ரிம்மின் உட்புறத்தைப் பற்றுகின்றன. மழையில் நனைந்தால் இவற்றின் பிடிப்பு வெகுவாகக் குறையும். காலால் மிதித்துச் செல்லும் வேகத்துக்கு அவை போதும், யந்திரத்துக்குப் போதா. முன்னும் பின்னும் கேபிள் இழுப்பில் வேலைசெய்யும் நல்ல பிரேக்குகள், கூடுமாயின் டிஸ்க் பிரேக், அமைந்த சைக்கிளே கொள்ளத்தக்கது. இரு பிரேக்குகளும் சரியாக அமையாத சைக்கிளில் யந்திரத்தைப் பூட்டவே கூடாது.

வேண்டிய கருவிகள்

பெரிய பட்டறை தேவையில்லை. 8 முதல் 17 வரையுள்ள ஸ்பானர்கள், திருப்புளி, குறடு, சுத்தியல், இரும்பறுக்கும் ரம்பம், தட்டையரம், உருட்டரம், ஸ்போக் சாவி, செயின் ஊசி கழற்றும் கருவி, பிளக் ஸ்பானர், காற்றுப் பம்பு ஆகியவை போதும். இவற்றோடு ஒரு முழ நூலும், ஒரு சுண்ணாம்புக் கட்டியும் வைத்துக்கொள்க. சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பார்க்க இவற்றைவிடச் சிறந்த கருவி கிராமத்தில் கிடைப்பதரிது. டிரில் மெஷின் இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. பிரேம் குழாயில் துளையிடுவதே கூடாது. துளையிட்ட இடத்திலேயே குழாய் பிற்பாடு முறியும்.

வேலை செய்யும் ஒழுங்கு

1. பின்சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் கோன்களையும் குண்டுகளையும் சுத்தம் செய்து, புதுக்கிரீஸ் இடவும். ஸ்போக்குகளை ஒரே சீராக முறுக்கி, ரிம்மின் கோணலை நீக்கவும்.

2. பல்சக்கரத்தைச் சக்கரத்தின் இடப்புறத்தில், ரப்பர் வளையங்களை ஸ்போக்கின் இருபுறமும் வைத்துப் பொருத்தவும். 9 போல்ட்டுகளையும் ஒரே தடவையில் இறுக்கலாகாது. எதிரெதிரானவற்றைச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே வந்து, சக்கரத்தைச் சுழற்றிச் சுண்ணாம்புக் கட்டியைப் பல்லருகே அசையாமல் பிடிக்கவும். ஒருபக்கம் மட்டும் கீறல் விழுந்தால் அங்கே கோணல் உண்டு என அறியலாம். பக்கவாட்டில் 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இல்லாதபடி சீர்ப்படுத்த வேண்டும். இதற்கு அரைநாள் பிடித்தாலும் பொறுமை இழக்கலாகாது. முழு வேலையிலும் முக்கியமானது இதுவே.

3. யந்திரத்தைப் பிரேமின் முக்கோணத்துள் அமர்த்தி, முன்பிடியையும் பின்பிடியையும் கையால் மட்டும் முறுக்கி வைக்கவும். குழாய் சற்று மெல்லியதாயின், இரும்புத் தகட்டை வளைத்து உறையாக இடலாம். டியூப் ரப்பரை மடித்து இடுதல் கூடாது. அது நசுங்கி, பிடி தளர்ந்து, யந்திரம் ஆடும்.

4. செயினைப் பூட்டி, யந்திரப் பல்லிலிருந்து பின்பல் வரை நூலைப் பிடித்துப் பார்க்கவும். நூல் இரு பற்களையும் ஒரே நேராகத் தொட்டால்தான் பிடிகளை இறுக்கலாம். செயின் டயரையோ பிரேமையோ உராயக்கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் தாழ வேண்டும்.

5. செயினின் தளர்வைத் தாங்கும் சிறு உருளை கிட்டில் வரும். இது மிக்க அபாயமான உறுப்பு. பிடி நழுவினால் ஸ்போக்குகளுக்குள் பாய்ந்து, பின்சக்கரத்தைச் சட்டென நிறுத்தி, ஆளை வீழ்த்திவிடும். செயினின் கண்ணிகளைக் குறைத்தும், அச்சைப் பின்னுக்கு நகர்த்தியும் உருளையின்றியே அமைக்க முடியுமாயின் அதுவே சிறப்பு. இல்லையேல், குழாயின் வளைவுக்கு ஒத்த பிடி செய்து, இரண்டு நட்டுகளால் பூட்டவும்.

6. கிளட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிள்களை ஹாண்டில் முழுதும் இருபுறமும் திரும்பும்போது இழுபடாதவாறு அமைக்கவும். ஆக்ஸிலேட்டர் பிடியை விட்டவுடன் அது தானே திரும்பி மூட வேண்டும். யந்திரத்தை நிறுத்தும் பொத்தானை, யந்திரத்தை முதன்முறை ஓட்டுவதற்கு முன்பே இணைத்துச் சோதிக்கவும்.

7. எல்லா நட்டுகளுக்கும் ஸ்பிரிங் வாஷரோ, நைலான் வளையமுள்ள நட்டோ இடவும். முதல் 10 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் எல்லாவற்றையும் இறுக்கவும். பிறகு வாரம் ஒருமுறை தவறாது பார்க்க வேண்டும். இவ்வகை யந்திரங்களில் அதிர்ச்சி மிகுதி. அதனால் தளராத நட்டு இல்லை.

பெட்ரோலும் எண்ணெயும்

இருவீச்சு யந்திரத்துக்குப் பெட்ரோலுடன் இருவீச்சு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். செய்வோர் தரும் குறிப்பே பிரமாணம். குறிப்பு இல்லாவிடில், புதிய யந்திரத்துக்கு 1 லிட்டருக்கு 50 மில்லி லிட்டரும், 500 கிலோமீட்டர் ஓடிய பின் 40 மில்லி லிட்டரும் கலப்பது பொதுவழக்கு. பங்க்குகளில் இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்ந்துள்ளது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மட்டமான ரப்பர்க் குழாய்களை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். ஆகவே கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் தேக்கி வைக்கலாகாது. கிட்டோடு வந்த குழாயை நீக்கி நல்ல குழாய் இடுக. யந்திரம் சூடாக இருக்கையில் தொட்டியைத் திறந்து ஊற்றுதலும், வைக்கோற்போரின் அருகே வண்டியை நிறுத்துதலும் விலக்கத்தக்கவை.

பாரமும் பிரேக்கும்

வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இதனை உதாரணத்தால் விளக்குவோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், நல்ல பிரேக்கைப் பிடித்தால், பிடித்த இடத்திலிருந்து சுமார் 2 மீட்டரில் நிற்பார். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகமாயின் அதே பிரேக்கால் நிற்க 17 மீட்டர் வேண்டும். மாடு குறுக்கே வந்ததைக் கண்டு கைபிடிக்க 1 வினாடி ஆகுமெனில், அதற்குள் முன்னவர் 3 மீட்டரும் பின்னவர் 10 மீட்டரும் கடந்திருப்பர். ஆக மொத்தம் ஒருவருக்கு 5 மீட்டர், மற்றவருக்கு 27 மீட்டர். நனைந்த சாலையும் இறக்கமும் சேர்ந்தால் இது இன்னும் கூடும்.

இப்போது பாரத்தைக் கவனிப்போம். 40 லிட்டர் பால் 41 கிலோ. கேன்களின் எடை வேறு. இதனைக் காரியரின் மேல் உயரக் கட்டினால் வண்டி தலைகனத்து ஆடும். பின் அச்சுக்கு இருபுறமும், கூடியமட்டும் தாழ்வாகவும், சம எடையாகவும் தொங்கவிட வேண்டும். ஹாண்டிலில் எதையும் மாட்டக்கூடாது. இறக்கத்தில் இறங்குமுன்பே வேகத்தைத் தணித்து, இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். வேகம் ஏறியபின் பிடிப்பது பயன்தராது. தோட்டத்துக்குள் ஓட்டினும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் செல்லாதிருத்தல் அறிவுடைமை.

மின்சாரக் கிட்

நம் ஜில்லா மின்சார வண்டிகளுக்கும் பேர்பெற்று வருகிறது. ஓசூரில் ஏத்தர் கம்பெனியாரும், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா கம்பெனியாரும் 2021-இல் தொழிற்சாலைகளைத் தொடங்கினர். சைக்கிளுக்கான மின்சாரக் கிட்டும் இதே காலத்தில் பரவி வருகிறது. இதில் மோட்டார் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், தனிச்செயின், பல்சக்கரம், உருளை ஆகிய தொல்லைகள் இல்லை. கருவிகளும் பாதி போதும்.

சட்ட விதிகளின்படி, மோட்டாரின் பலம் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், பாட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும், தக்க பிரேக்குகளும், முன்னே வெள்ளையும் பின்னே சிவப்புமான பிரதிபலிப்பான்களும் உள்ளதாய், சோதனை நிலையத்தாரால் அங்கீகரிக்கப்பட்ட மின்சார வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. முன்னர்க் கணக்கிட்ட 200 வாட் துணை இவ்வரம்புக்குள் அடங்கிவிடுவதைக் காண்க. அங்கீகாரம் உண்டா என்பதற்கு விற்பவரிடம் எழுத்து மூலமான சான்று கேட்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் 360 வாட்-மணி மின்சாரம் அடங்கும். மோட்டார் முழுப்பலத்துடன் இடைவிடாது ஓடினால் இது ஏறக்குறைய 1 மணி நேரம் வரும். ஒருமுறை நிரப்ப அரை யூனிட்டுக்கும் குறைந்த மின்சாரமே செலவாகும். ஆனால் பம்புசெட்டுக்கென வழங்கப்படும் இலவச மின்சாரத்தை இதற்கு எடுத்தல் குற்றம்; வீட்டு இணைப்பிலிருந்தே எடுக்க வேண்டும். பாரத்தோடு மேடேறுவோர்க்குப் பின்சக்கர மோட்டாரே ஏற்றது. முன்சக்கரத்தில் பாரம் குறைவாதலால் அது மண்பாதையில் வழுக்கும். மோட்டாரின் அச்சு பிரேமின் பிளவிலிருந்து திருகிக்கொண்டு வெளிவராதபடி, திருகுதாங்கிப் பட்டையை இருபுறமும் இடுதல் இன்றியமையாதது. பாட்டரியை வெயிலிலும், படுக்கையறையிலும், வைக்கோலருகிலும் வைத்து நிரப்பலாகாது.

பழைய மொபெட் வாங்குவோருக்கு

யோசித்துப் பார்க்குமிடத்து, சாலையில் தினந்தோறும் 30, 40 கிலோ பாரம் கொண்டுசெல்பவருக்குக் கிட்டைவிட, பதிவுள்ள பழைய மொபெட் ஒன்றே சிக்கனமாக முடியும். பாரத்துக்கென்றே செய்த பிரேமும் பிரேக்கும் அதில் உண்டு. ஆயின், அத்திப்பள்ளி, ஆனேக்கல் முதலிய கர்நாடகப் பகுதிகளில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறு மாகாணத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருப்பின், இங்கே புதுப் பதிவெண் பெறுதல் சட்டக் கடமை. அதற்கு அம்மாகாணப் பதிவதிகாரியின் ஆட்சேபமில்லாச் சான்று வேண்டும். வாங்கும் நாளிலேயே விற்பவரைக்கொண்டு இதற்கு ஏற்பாடு செய்யாவிடில், பிறகு அவரைத் தேடிப்பிடிப்பது அரிது.

நிலக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

பண்ணை ஆளிடம் யந்திரச் சைக்கிளைக் கொடுக்கும் நிலக்காரர், அதன் பிரேக்கை வாரம் ஒருமுறை தாமே நேரில் சோதிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், பால் சங்கத்தாரும், சட்டத்துக்குட்பட்ட வண்டி எது, உட்படாதது எது என்பதைச் சங்கத்துக் கரும்பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வைத்தால், இம்மூன்று பாஷைகளும் வழங்கும் நம் எல்லைக் கிராமங்களில் பலருக்கும் உபகாரமாகும். ஊரில் தேர்ந்த வாலிபர் இருவர் மூவரைச் சேர்த்து, மாதம் ஒருநாள் பால் ஊற்றும் வேளையில் எல்லா வண்டிகளின் பிரேக், செயின், பிரதிபலிப்பான்களைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவொன்றுமில்லை.

சுருங்கச் சொல்லின், முதலில் சட்டத்தை விசாரிக்க. அடுத்து சைக்கிளைச் சோதிக்க. பின்னர் பிரேக்கைப் பலப்படுத்த. யந்திரத்தைக் கடைசியாக வாங்குக. இவ்வொழுங்கில் செய்யப்படும் வண்டி மேட்டில் ஆளின் மூச்சை மிச்சப்படுத்தி, இறக்கத்தில் அவனைப் பத்திரமாக இறக்கிவிடும். சந்தைக்கு அரை மணி முன்னதாகப் போய்ச் சேர்வதால் கிடைக்கும் லாபம், போனவர் வீடு திரும்பினால்தான் லாபமாகும்.